பதினாறில் நிறுத்திய வளையம்

போன வாரம் அந்த ஸ்டுடியோ வீட்டுக்குள் ஒரு நல்ல சேதியும் ஒரு பிடிவாதமும் ஒரே சாயங்காலத்தில் நுழைந்தனவே, அங்கேயே போய் உட்காருவோம். புதிதாக வந்தவர்களும் ஒண்டிக்கொள்ளுங்கள், இடம் இருக்கிறது.

நல்ல சேதி தங்கைக்கு. பொய்ப் பல் செய்கிற லேபில் குனிந்து குனிந்தே கழுத்து வளைந்து போனவள். அவளுக்குத் தூர தேசத்தில் பெரிய லேப் ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை விமானம். பல் வேலை பார்ப்பதால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் பல்லி. இதே போல ஒரு வேலை முன்பு வந்தபோது அப்பா படுக்கையில் விழுந்தார். பல்லி கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இது இரண்டாவது தடவை. மூன்றாவது வரும் என்று அந்த வீட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

பிடிவாதம் அண்ணனுடையது. முகப்படம் எடுப்பதில் பேர் வாங்கினவர். எல்லாருக்கும் அவர் படக்காரர்தான். "விளக்குக்குத் தெம்பு போயிடுச்சு. பல்லி கிளம்பறதுக்குள்ள புதுசு வாங்கியாகணும்" என்று அன்றைக்கு ஆரம்பித்தவர், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆள் அண்ணி, படக்காரரின் மனைவி. அவர் எடுப்பதைக் கம்ப்யூட்டரில் திருத்திக் கொடுப்பவள். அவளுக்கும் ஒரு புகார் இருந்தது. உட்காருகிறவர்களுக்குப் பின்னால் தொங்கும் சாம்பல் துணியில் கொஞ்ச நாளாகச் சுருக்கம் சுருக்கமாகத் தெரிந்தது. துவைத்தாள். இஸ்திரி போட்டாள். கீழே கனத்துக்குக் குழாய் கட்டித் தொங்கவிட்டாள். சுருக்கம் போகவில்லை. துணிக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டினாள்.

விளக்கின் மேல் ஒருவர் பழி, துணியின் மேல் ஒருத்தி பழி. இப்படித்தான் புதன்கிழமை விடிந்தது.

மூன்று பேரும் விளக்கு வாங்கக் கிளம்பினார்கள். கேமரா சாமான் விற்கிற கடை ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. படியெல்லாம் அட்டைப்பெட்டி. கடைக்காரருக்குத் தொண்டை பெரிது. ரகசியம் சொன்னாலும் தெருவில் கேட்கும்.

"சொல்லுங்க சார், ரூம் எவ்வளவு பெரிசு?"

"சின்னதுதான்."

"எத்தனை பேர் உக்காருவாங்க?"

"ஒருத்தர். மிஞ்சிப்போனா புருஷன் பொண்டாட்டி."

"விளக்கு மூஞ்சிக்கு எவ்வளவு கிட்ட நிக்கும்?"

"கையை நீட்டினா தொடலாம்."

கடைக்காரர் ஒரு சின்ன விளக்கை எடுத்து, கைக்குழந்தையைக் காட்டுவது போல ஏந்திக் காட்டினார். "அப்ப இந்த இருநூறு வாட்டே தாராளம். முன்னாடி வெள்ளைத் துணிப்பெட்டியை மாட்டுங்க. வெளிச்சம் அப்படியே பூத்தாப்பல விழும்."

"பத்தாது. அறுநூறு குடுங்க."

"அறுநூறா? அது மைதானத்துல நின்னு வெயிலோட மல்லுக்கட்டறவங்களுக்கு சார். ஒரு மூஞ்சிக்கு எதுக்கு அவ்வளவு? என்ன அப்பர்ச்சர்ல எடுக்கறீங்க?"

"பதினாறு."

கடைக்காரர் வாயை மூடினார். அது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

இந்த அப்பர்ச்சர் ஒன்றும் பெரிய வித்தையில்லை. லென்ஸுக்குள் இருக்கிற துவாரம், அவ்வளவுதான். எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும். சுருங்கினால் வெளிச்சம் கொட்ட வேண்டும். பதிலுக்கு ஒரு சலுகை உண்டு. மூக்கு நுனியிலிருந்து பின்னால் தொங்கும் துணி வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே தெளிவாக விழும். எண்ணை இறக்கித் துவாரத்தைத் திறந்தால், கண் மட்டும் உயிரோடு நிற்கும், மற்றதெல்லாம் புகையாகக் கரையும். அழகு அதில்தான். ஆனால் குறி, அதாவது ஃபோகஸ், ஒரு விரல்கடை தப்பினாலும் படம் போச்சு.

படக்காரர் காலமெல்லாம் நாலில் எடுத்தவர். துணியை மேகமாக்குகிற கை என்று அவருக்குப் பேர்.

பதினாறு என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணிக்கு இஸ்திரிப் பெட்டி நினைவு வந்தது. துணி எப்போதும் சுருங்கித்தான் இருந்திருக்கிறது. இப்போதுதான் படத்தில் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

ஏன் பதினாறு?

அவள் கேட்பதற்குள் பல்லி புகுந்துவிட்டாள். "அண்ணா, அவர்தான் இவ்வளவு சொல்றாரே. ஒரு தடவை எடுத்துத்தான் பாரேன். காசா பணமா?"

"வேண்டாம்."

"என்னைத்தான் எடு. இந்த மூஞ்சி உனக்குப் பழகினதுதானே. கெட்டுப்போனாலும் கேஸ் போட மாட்டேன்."

கடைக்காரர் முக்காலியைப் போட்டார். படக்காரரின் பையிலிருந்து கேமராவை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கையால் திருப்பிக் குறி வைக்கிற பழைய லென்ஸ் அது. அதன் அப்பர்ச்சர் வளையத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"என்ன சார், லென்ஸுக்குக் கட்டுப் போட்டிருக்கீங்க?"

"வளையம் ஆடுது."

கடைக்காரர் டேப்பை உரித்தார். வளையம் கட்டக் கட்டக் என்று கெட்டியாகத் திரும்பியது, ஆடவில்லை. நாலில் வைத்துக் கொடுத்தார்.

படக்காரர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். குறி வைக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். விளக்கு வெட்டியது.

படம் மேஜை மேலிருந்த கம்ப்யூட்டருக்கு வந்தது. கடைக்காரரும் அண்ணியும் குனிந்து பார்த்தார்கள். பல்லியின் காதுத்தோட்டில் பதித்த கல் ஒவ்வொன்றும் எண்ணிக்கொள்ளலாம் போல இருந்தது. கண் இரண்டும் பனிமூட்டத்துக்குள் இருந்தன.

கடைக்காரரின் குரல் அன்று முதல் தடவையாகத் தணிந்தது. "தங்கச்சி அசைஞ்சிட்டாங்க போல."

"யாரு, நானா?" முக்காலியிலிருந்தே பல்லி சிலிர்த்துக்கொண்டாள். "மெழுகுல கடைவாய்ப்பல் செதுக்கறவ நான். கை அசைஞ்சா ஒருத்தருக்குச் சோறு இறங்காது."

ஆள் அசைந்திருந்தால் தோடும் சேர்ந்து கலங்கியிருக்கும். ஆயிரமாயிரம் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவளுக்கு இது தெரியாதா? அண்ணி திரும்பிப் பார்த்தாள். படக்காரர் படத்தைப் பார்க்க வரவே இல்லை. லென்ஸ் மூடியை மாட்டிக்கொண்டிருந்தார். மூடி இரண்டு தடவை வழுக்கியது.

"நான்தான் ஸ்டூலை இடிச்சுட்டேன்" என்றாள் அண்ணி. அந்தப் படத்தைத் தானே அழித்தாள். "நீங்க அறுநூறே குடுத்துடுங்க."

"நீங்களுமா மேடம்?" என்றார் கடைக்காரர்.

திரும்பும்போது வண்டியை அண்ணிதான் ஓட்டினாள். முதுகு வலிக்கிறது என்று படக்காரர் சாவியை அவளிடம் கொடுத்து நாளாகிறது. அதையும் அவள் நம்பியிருந்தாள். தைலம் வேறு தேய்த்துவிட்டிருந்தாள்.

லேப் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் பல்லி வழியில் இறங்கினாள். அவள் தலை மறைந்ததும் அண்ணி இஞ்சினை நிறுத்தினாள்.

"எப்பலேர்ந்து?"

அவர் மடியில் புது விளக்கின் பெட்டி இருந்தது. அதன் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். முதுகுக்குத் தைலம் தேய்ச்ச கையாலயே கேக்கறேன்."

"வலது கண்ணுல நடுவுல ஒரு அழுக்கு" என்றார் மெதுவாக. "தேய்ச்சாலும் போகலை. நான் எதைப் பாக்கறேனோ சரியா அது மேலதான் வந்து உக்காருது. சுத்தி எல்லாம் தெரியுது. முகம் மட்டும் தெரியலை."

"டாக்டர்?"

"போனேன். ஒரு நாள் பிரிண்டருக்குக் கலர் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கு. வலது போனது போனதுதானாம். இடதும் கிளம்பிடுச்சு. நேர்க்கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது. கண்ணுக்குள்ள ஊசி போட்டா இடதையாவது நிறுத்தலாம்னாரு. நாளைக்குத் தேதி குடுத்திருக்காரு."

அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். தெருவில் யாரோ ஒருவர் கண்ணாடிப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். அது போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தானா குறி பாக்கற லென்ஸ் இருக்கே. அதையாவது வாங்கியிருக்கலாம் இல்ல?"

"அது கண்ணைக் கண்டுபிடிக்கும். எதிர்ல இருக்கறவங்க எப்பச் சிரிக்கப் போறாங்கனு நான்தானே பாக்கணும்? அதுக்கு எந்த லென்ஸ் இருக்கு?" அவர் பெட்டியை அணைத்துக்கொண்டார். "பதினாறுல வெச்சா கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் விழுந்துடுது. பழைய விளக்கு அதுக்கு ஈடு குடுக்கலை. அதான் அறுநூறு."

"நாளைக்குப் போறோம்."

"போறேன். ஆனா பல்லிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பெட்டியை அவிழ்த்துடுவா. அப்பாவுக்கு ஒரு தடவை அவிழ்த்தா. எனக்காக வேண்டாம். உன் வாயால சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடு."

"நாளைக்கு ஊசி போட்டுக்கறேன்னு நீங்க குடுங்க."

"சரி."

"அப்ப நானும் சரி."

பல்லி கதவைத் திறந்து ஏறினாள். "என்ன, ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போறாப்பல உக்காந்திருக்கீங்க? நான் போனா நிம்மதின்னு பாத்தா, இப்பவே அழுவீங்க போலிருக்கே."

"விலையை நினைச்சு அழறோம்" என்றார் படக்காரர். குரலில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அண்ணிக்கு அதுதான் பயமாக இருந்தது.

மதியத்துக்குள் புது விளக்கு ஸ்டாண்டில் ஏறிவிட்டது. ஓய்வு பெறப்போகிற பஸ் டிரைவர் ஒருவர் மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். படக்காரர் வளையத்தை முட்டும் வரைக்கும் திருப்பிப் பதினாறில் நிறுத்தினார், விளக்கை முழு அளவுக்கு ஏற்றினார்.

டமார் என்று அடித்தது வெளிச்சம்.

"ஐயோ சாமி" என்றார் டிரைவர். "எதிர்ல லாரி வந்துடுச்சுன்னு நினைச்சுட்டேன்."

படம் துல்லியமாக வந்திருந்தது. மீசையில் மை படாத நரை ஒன்றுகூடத் தப்பவில்லை. துணியின் சுருக்கமும் தப்பவில்லை. அதை யார் பார்க்கப் போகிறார்கள்? டிரைவர் குளிர்ந்துபோனார். பல்லி கை தட்டினாள். "பாத்தியா அண்ணா, விளக்குதான் கோளாறு. உன்னைப் போய் நான் சந்தேகப்பட்டேனே."

படக்காரர் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார்.

டிரைவர் போனதும், பல்லி உள்ளே போன சமயம் பார்த்து அவர் அண்ணியின் பக்கம் சாய்ந்தார். "பாத்த இல்ல? இது போதும், சமாளிச்சுடலாம். நாளைக்கு ஊசி போட்டா கண்ணுல கட்டோட வரணும், பல்லி கண்டுபிடிச்சுடுவா. அவ போனப்புறம் அடுத்த மாசம் நிதானமாப் பாத்துக்கலாம்."

"வாக்குக் குடுத்தீங்க."

"ஊசி போட்டுக்க மாட்டேன்னா சொன்னேன்? தள்ளி வெக்கறேன், அவ்வளவுதானே."

"தள்ளி வெச்சா டாக்டர் என்ன ஆகும்னாரு?"

அவர் முன்னறைக்குப் போய் ஃபோனை எடுத்தார். இடையில் இருந்த கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் குரல் வந்தது. "ஆமாங்க, நாளைக்கு வர முடியலை. அடுத்த மாசம் ஒரு தேதி குடுங்க. இல்ல இல்ல, அவசரம் ஒண்ணும் இல்லை."

அவசரம் ஒன்றும் இல்லையாம்.

கடையில் தான் சொன்ன ஒரு பொய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அண்ணி அப்போது பார்த்தாள். அவள்தான் அந்த விளக்கை வாங்கிக் கொடுத்தாள். ஒளிந்துகொள்ள அவருக்கு அவ்வளவு பெரிய வெளிச்சத்தை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். அதற்குள்ளேயே நின்றுகொண்டு அவர் மிச்சக் கண்ணையும் இழந்துவிடுவார்.

"அண்ணி" என்று உள்ளறைக் கண்ணாடி முன்னால் நின்று கூப்பிட்டாள் பல்லி. "புது விளக்குல என்னையும் ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. எல்லாரையும் எடுத்து மாட்டறாரு, கூடப் பொறந்தவ படம் ஒண்ணு இருக்கா இந்தச் சுவத்துல? தலை சீவிட்டு வந்துடறேன்."

"சீவு" என்றாள் அண்ணி.

அறையில் அவளும் விளக்கும் மட்டும் இருந்தார்கள்.

வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்கு. அதை நினைத்தபோது அவளுக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது. பெண் பறக்கப் போகிற நேரத்தில் சிறகில் கல்லைக் கட்டுவதா? கட்டாமல் விட்டால், ஒரு வருஷம் கழித்து அவள் லீவில் வரும்போது அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டு வந்து கதவைத் திறப்பார். "ஏன் அண்ணி சொல்லலை?" என்று அவள் கேட்பாள். எதைச் சொல்வது?

விளக்கின் பின்னால் இருந்த திருகைப் பிடித்தாள். நாலு படி இறக்கினாள். பிறகு கேமராவை எடுத்தாள். லென்ஸ் வளையத்தைப் பதினாறிலிருந்து நாலு படி திறந்தாள். கட்டக், கட்டக், கட்டக், கட்டக். இறக்கினதும் திறந்ததும் சமம். படம் இருட்டாகாது, வெளுக்காது. குறி தப்பினால் மட்டும் காட்டிக்கொடுக்கும். அந்தச் சின்ன எண்களைப் படித்துப் பார்க்க அவரால் முடியாது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

குறி தப்பாமலே போய்விடட்டும் என்றும் ஒரு மனசு வேண்டிக்கொண்டது.

படக்காரர் உள்ளே வந்து கேமராவை எடுத்தார். பல்லி முக்காலியில் உட்கார்ந்து முகவாயைத் தூக்கினாள்.

"வாயை மூடு. பல் தெரியுது."

"தெரியட்டும். என் சொந்தப் பல்லு. செஞ்சு மாட்டினது இல்ல."

"சரி, சிரிச்சுக்கோ."

அவர் குறி வைக்கிற வளையத்தைத் திருப்பினார். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். பல்லி அசையாமல் காத்திருந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மாறியது. ஊரை விட்டுப் போகிறவர்களின் முகம் ஒன்று அதற்கு அடியிலிருந்து வந்தது. எப்பேர்ப்பட்ட முகம். அந்தக் கணத்துக்காகத்தான் அவர் காலமெல்லாம் கேமராவைத் தூக்கினார். அந்தக் கணத்தில் அவர் அழுத்தவில்லை. அது போன பிறகு அழுத்தினார்.

டப் என்று ஒரு சின்னச் சத்தம்.

"ஏன் இவ்வளவு மெலிசா அடிக்குது?" என்றார் படக்காரர். கேமரா இன்னும் கண்ணில் இருந்தது.

"டிரைவரை மிரட்டினதுக்கு மன்னிப்புக் கேக்குது போல" என்று பல்லி முக்காலியிலிருந்து குதித்தாள். "அண்ணி, காட்டுங்க."

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். எதையும் தொடவில்லை. பல்லிதான் மௌஸைப் பிடித்து, பெரிதாக்கிக்கொண்டே போனாள். மெழுகில் மயிரிழைக் கீறலைத் தேடுகிற கண் அது.

கண் இருந்த இடத்துக்கு வந்ததும் மௌஸ் நின்றது.

"அண்ணா, இங்க வந்து பாரு."

"நல்லாத்தான் வந்திருக்கும்."

"வந்து பாரேன்."

படக்காரர் வந்தார். மேஜை விளிம்பைக் கையால் தேடிப் பிடித்துக்கொண்டு, திரைக்கு நேரே குனிந்தார். திரை முழுக்கத் தங்கையின் முகம். காதோரத்து மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கலங்கல். அவர் தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார், பிறகு வலப்பக்கம். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் பல்லி.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "கண்ணு அப்படியே பேசுது."

பல்லி நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். அண்ணி வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் நின்றாள்.

பல்லி திரும்பி, அண்ணனின் முகத்துக்கு முன்னால் தன் கையைக் கொண்டுபோய் மெதுவாக அசைத்தாள். பிறகு அந்தக் கையாலேயே அவர் தோளைப் பிடித்தாள்.

"எந்தக் கண்ணுண்ணா?"